ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 - மே 24, 1960) தமிழ்நாட்டின் வேலூரில் மருத்துவப் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஆவார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியை (சி.எம்.சி.) நிறுவியவர் இவரே. 1909 ஆம் ஆண்டு செவிலியர் பயிற்சிப் பள்ளியையும், 1918 ஆம் ஆண்டு பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். இந்தியப் பெண்கள் அரசுத் தேர்வெழுதி, தேர்ச்சி பெற்று, பதிவு பெற்ற மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் பணியாற்ற வேண்டும் என்பது இவரது வாழ்நாள் முயற்சியாக இருந்தது. இவர் நிறுவிய மருத்துவப் பள்ளியின் நிலைப்பு இருமுறை தேர்வையும் தகுதியையும் பொறுத்ததாக அமைந்தது. முதன்முறை மாணவியரின் தேர்ச்சி அதனைக் காத்தது. இரண்டாம் முறை, எந்தச் சான்றிதழுக்காக அவர்கள் தேர்வெழுதினார்களோ அச்சான்றிதழுக்கான படிப்பே நிறுத்தப்பட்டது.

பிறப்பும் குடும்பமும்

ஐடா, இன்றைய இராணிப்பேட்டையில் மருத்துவர் ஜான் ஸ்கடர் (இளையவர்), சோபியா வெல்ட் ஸ்கடர் ஆகியோருக்கு ஒரே மகளாகப் பிறந்தார். இவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் (மூத்தவர்), அமெரிக்காவிலிருந்து மருத்துவப் பணிக்காக அனுப்பப்பட்ட முதல் மறைப்பணியாளர்களுள் ஒருவர். அவர் 1819 இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பணியாற்றினார். பின்னர் 1836 இல் சென்னைக்கு இடம்பெயர்ந்தார். அவருடைய மகன்களில் எழுவர் இந்தியாவில் மறைப்பணியாளர்களாக இருந்தனர். ஆற்காடு, வேலூர், திண்டிவனம் வட்டாரங்களில் இக்குடும்பத்தினர் பல தலைமுறைகளாக அறியப்பட்டிருந்தனர்.

ஐடாவின் குழந்தைப் பருவத்தில், 1876 முதல் 1878 வரை, தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் தாக்கியது. தந்தையின் பணியிடத்தில் பட்டினியால் வாடிய குழந்தைகளுக்கு உணவு கொடுக்கும் வேலையில் சிறுமியான ஐடாவும் ஈடுபடுத்தப்பட்டார். பின்னர் குடும்பம் அமெரிக்கா சென்றது. பெற்றோர் இந்தியா திரும்பியபோது ஐடா கல்வியின் பொருட்டு அங்கேயே விடப்பட்டார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்ஃபீல்டு பள்ளியில் பயின்ற அவர், இந்தியாவுக்குத் திரும்பவோ குடும்பத் தொழிலை மேற்கொள்ளவோ விரும்பவில்லை. அமெரிக்காவிலேயே மணம் புரிந்து வாழ்வதே அவரது எண்ணமாக இருந்தது.

திண்டிவனம்

1890 ஆம் ஆண்டு தாயாரின் உடல்நலம் குன்றியதால் ஐடா தற்காலிகமாக இந்தியா வந்தார். அப்போது அவருடைய பெற்றோர் திண்டிவனத்தில் வசித்தனர். திண்டிவனம் புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ள ஊர். அன்று அது பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அருகிலிருந்த வில்லியனூர், பாகூர் முதலிய பகுதிகள் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தன. ஆட்சிகள் வேறாயினும் இருபுறத்துச் சிற்றூர்களிலும் பிள்ளைப்பேறு வீட்டிலேயே, பரம்பரை மருத்துவச்சியரின் துணையோடு நடப்பது வழக்கமாக இருந்தது. பேறு சிக்கலானால் அழைப்பதற்குப் பெண் மருத்துவர்கள் அரிதாகவே இருந்தனர்.

ஐடாவின் வாழ்க்கை வரலாற்று நூல்கள் அனைத்தும் கூறும் நிகழ்ச்சி ஒன்று இங்கு நடந்தது. ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிள்ளைப்பேற்றில் துன்புறும் தம் மனைவியரைக் காப்பாற்ற ஐடாவை அழைத்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முசுலிம், மற்றவர் வேறொரு சாதியைச் சேர்ந்த இந்து. தாம் மருத்துவம் பயின்றவர் அல்லர் என்றும், தம் தந்தையாரே மருத்துவர் என்றும் ஐடா விளக்கினார். அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பதை அவர்கள் மூவருமே ஏற்கவில்லை. மறுநாள் காலைக்குள் மூன்று பெண்களும் இறந்தனர்.

வீட்டில் மருத்துவர் ஒருவர் இருந்தும், மருந்தும் கருவிகளும் இருந்தும் அம்மூவரையும் காப்பாற்ற இயலாமற் போனது. தேவைப்பட்டது பயிற்சி பெற்ற ஒரு பெண். இதனை உணர்ந்த ஐடா, தாம் மருத்துவம் படிக்கப் போவதாகப் பெற்றோரிடம் தெரிவித்தார்.

மருத்துவக் கல்வி

1895 இல் ஐடா பிலடெல்பியாவில் இருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இந்தியாவிலிருந்து சென்று மருத்துவப் பட்டம் பெற்ற ஆனந்திபாய் சோஷி 1886 இல் பயின்று முடித்ததும் இதே கல்லூரியில்தான் என்பது குறிப்பிடத்தக்கது. நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியபோது ஐடா அங்கு மாறி, 1899 இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியிலிருந்து பட்டம் பெற்ற முதல் பெண்களுள் இவரும் ஒருவர்.

இந்தியா திரும்புமுன், வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்ட நிதி திரட்டும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஷெல் என்னும் நியூயார்க் வங்கியாளர் ஒருவர், மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார்.

வேலூரில் தொடக்கப் பணிகள்

1900 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். அவருக்கு நேரடிப் பயிற்சி அளிக்கவிருந்த தந்தை அதே ஆண்டில் காலமானார். ஐடா தனியாகவே மருத்துவப் பணியைத் தொடங்க வேண்டியதாயிற்று. பெற்றோர் வசித்த வீட்டின் சிறிய அறை ஒன்றே முதல் மருத்துவ நிலையம். வீட்டுச் சமையற்காரரின் மனைவியான சலோமி என்பவரே முதல் உதவியாளர். மருந்து கலக்கவும், கட்டுப் போடவும், நோயாளிகளுடன் பேசவும் ஐடா அவருக்குக் கற்றுக்கொடுத்தார். இரண்டு ஆண்டுகளில் சுமார் 5,000 நோயாளிகள் அவ்வறையில் மருத்துவம் பெற்றனர்.

1902 ஆம் ஆண்டு 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. மருத்துவமனைக்கு வர இயலாத சிற்றூர் மக்களுக்காகச் சாலையோர மருத்துவ முகாம்களையும் ஐடா நடத்தினார். தொடக்கத்தில் மாட்டுவண்டியிலும், பின்னர் மோட்டார் வண்டியிலும் குடியாத்தம் சாலை வழியே சென்று, குறித்த மரத்தடிகளில் நிறுத்தி, காத்திருப்போருக்கு மருந்து கொடுத்தார். இன்று சமூக மருத்துவம் என்று பாடநூல்கள் குறிப்பிடும் துறையின் ஆரம்ப வடிவங்களுள் ஒன்றாக இதனைக் கருதலாம்.

செவிலியர் பயிற்சிப் பள்ளி

40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையை ஒரு மருத்துவரும் அவரே பழக்கிய சில உதவியாளர்களும் நடத்துவது எளிதாக இருக்கவில்லை. அறுவை முடிந்த நோயாளியை இரவு முழுவதும் கவனிக்கவும், வெப்பநிலையும் நாடித் துடிப்பும் குறிக்கவும், கருவிகளைக் கொதிக்கவைத்துத் தூய்மையாக்கவும் முறையான பயிற்சி தேவைப்பட்டது. எனவே 1909 ஆம் ஆண்டு செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. டீலியா ஹாட்டன் என்னும் அமெரிக்கச் செவிலியர் இப்பள்ளியைப் பொறுப்பேற்று நடத்தினார்.

அக்காலத்தில் செவிலியர் வேலை மதிப்புக்குரிய தொழிலாகக் கருதப்படவில்லை. நோயாளியின் உடலையும் கழிவையும் தொடுவது தீட்டு என்ற எண்ணம் பரவலாக இருந்தது. இளம்பெண்கள் இரவில் வீட்டைவிட்டு வெளியே தங்கி வேலை செய்வதைக் குடும்பங்கள் ஏற்கவில்லை. ஆகவே தொடக்கக் கால மாணவியரில் பெரும்பாலோர் கிறித்தவக் குடும்பங்களிலிருந்தும், கைம்பெண்களிலிருந்தும், ஆதரவற்றோரிலிருந்தும் வந்தனர். இந்நிலை வேலூருக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் பல மறைப்பணி மருத்துவமனைகளிலும் இவ்வாறே இருந்தது.

பயிற்சி பெற்றவர் என்று யாரை அழைப்பது என்ற கேள்வி இதனுடன் எழுந்தது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் விருப்பப்படி சான்றிதழ் வழங்கினால், ஓர் ஊரின் சான்றிதழ் மற்றோர் ஊரில் மதிக்கப்படாது. இதற்குத் தீர்வாகத் தென்னிந்தியாவின் மறைப்பணி மருத்துவமனைகள் இணைந்து பொதுவான தேர்வு வாரியத்தை ஏற்படுத்தின. கற்பித்தவரே மதிப்பிடும் முறை மாறி, வெளித் தேர்வாளர் முன் மாணவியர் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் எழுதும் முறை வந்தது. 1926 ஆம் ஆண்டு சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி செவிலியர்களின் பெயர்கள் அரசு அங்கீகாரம் பெற்ற மன்றத்தின் பதிவேட்டில் இடம்பெறலாயின. தேர்வில் தேறுவதும் பதிவேட்டில் பெயர் ஏறுவதும் இணைந்ததனால், செவிலியர் பணி ஏவல் வேலை என்ற நிலையிலிருந்து சட்டம் அறிந்த தொழில் என்ற நிலைக்கு உயர்ந்தது.

பெண்கள் மருத்துவப் பள்ளி

செவிலியர்களால் மட்டும் தேவை நிறைவேறவில்லை. இந்தியப் பெண்களே மருத்துவர்களாக வேண்டும் என ஐடா கருதினார். பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் கல்லூரியை நடத்தும் பொருள்வசதி அவரிடம் இல்லை. அக்காலத்தில் நான்காண்டு படித்து, அரசு நடத்தும் தேர்வில் தேறினால் எல்.எம்.பி. என்னும் உரிமச் சான்றிதழ் பெற்று மருத்துவத் தொழில் செய்யலாம். இது எம்.பி.பி.எஸ். பட்டத்தைவிடத் தாழ்ந்த தகுதியாயினும் மாவட்ட, கிராம மருத்துவமனைகளில் பணிபுரியப் போதுமானதாக இருந்தது. இச்சான்றிதழுக்குப் பெண்களைத் தயார் செய்யும் பள்ளி ஒன்றைத் தொடங்க ஐடா அரசிடம் அனுமதி கோரினார். பல கிறித்தவத் திருச்சபைகள் சேர்ந்து இப்பள்ளிக்கு ஆதரவு அளித்தன.

1918 ஆகஸ்டு 12 அன்று சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு பள்ளியைத் திறந்துவைத்தார். முதல் உலகப் போர் முடியாத காலம் அது. சொந்தக் கட்டடம் இல்லை. நூல்களும் நுண்ணோக்கியும் எலும்புக்கூடும் மிகக் குறைவாகவே இருந்தன. உடற்கூற்றியல் பாடத்தைப் பெரும்பாலும் ஐடாவே நடத்தினார்.

முதல் ஆண்டுத் தேர்வு

பள்ளி தொடருமா என்பது முதல் ஆண்டு இறுதியில் நடந்த அரசுத் தேர்வைப் பொறுத்திருந்தது. மாகாணத்தின் பிற மருத்துவப் பள்ளிகளில் பயின்ற ஆண்களும் இதே தேர்வை எழுதினர். நீண்டகாலமாக நடந்துவந்த அப்பள்ளிகளிலேயே தேர்ச்சி விகிதம் குறைவாக இருந்ததால், வேலூர் மாணவியர் பெருமளவில் தோற்கலாம் என்று அரசு மருத்துவ அதிகாரிகள் ஐடாவை முன்கூட்டியே எச்சரித்திருந்தனர். அவ்வாறு நேர்ந்தால் பெண்களுக்கு மருத்துவம் கற்பிப்பதே வீண் என்ற கருத்து வலுப்பெற்றிருக்கும்.

மாணவியருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. பலர் அதுவரை அறிவியல் பாடங்களை விரிவாகப் பயின்றதில்லை. ஐடாவும் பிற ஆசிரியர்களும் மாலை நேரங்களில் மீள்பார்வை வகுப்புகள் நடத்தினர். எலும்புகளைக் கையில் கொடுத்து, அவற்றின் பகுதிகளைக் கூறச் செய்து, வாய்மொழித் தேர்வுக்குப் பழக்கினர்.

முடிவுகள் வெளிவந்தபோது வேலூர் மாணவியர் அனைவரும் தேறியிருந்தனர். ஆண்களில் ஐந்தில் ஒருவர் அளவிலேயே தேர்ச்சி பெற்றனர் என வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பள்ளியின் தொடர்ச்சி பற்றிய ஐயம் இதனால் நீங்கியது. 1922 ஆம் ஆண்டு முதல் குழுவைச் சேர்ந்த 14 பெண்கள் படிப்பை நிறைவுசெய்து உரிமம் பெற்றனர்.

1920களில் அமெரிக்காவில் லூசி பீபடி என்பவரின் தலைமையில் ஆசியாவின் பெண்கள் கல்லூரிகளுக்காக நிதி திரட்டப்பட்டது. வேலூரும் இதனால் பயன்பெற்றது. வேலூர் தோட்டப்பாளையத்தில் பெரிய மருத்துவமனையும், பின்னர் பாகாயத்தில் கல்வி வளாகமும் எழுந்தன.

உரிமத் தகுதியின் முடிவு

1930களின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசு, எல்.எம்.பி. படிப்பை நிறுத்தி, மருத்துவக் கல்வி முழுவதையும் பல்கலைக்கழகப் பட்டமாக்க முடிவு செய்தது. இரு வேறு தகுதிகள் இருப்பது மருத்துவர்களிடையே உயர்வு தாழ்வை உண்டாக்குவதாகவும், கிராம மக்களுக்குக் குறைந்த பயிற்சி பெற்றவரையே அளிப்பதாகவும் விமரிசனம் இருந்தது. அகில இந்திய அளவில் 1946 இல் போர் குழு அளித்த அறிக்கையும் ஒரே தகுதியையே பரிந்துரைத்தது.

இம்முடிவு நியாயமானதாக இருந்தபோதிலும் வேலூருக்கு அது பெரும் நெருக்கடியாக அமைந்தது. 1938 முதல் புதிய எல்.எம்.பி. மாணவியரைச் சேர்க்க இயலவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பைப் பெற மேற்பட்டம் பெற்ற பேராசிரியர்கள், ஆய்வகங்கள், கூடுதல் படுக்கைகள் ஆகியன தேவைப்பட்டன. 70 வயதை எட்டியிருந்த ஐடா மீண்டும் அமெரிக்கா சென்று, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஊர் ஊராகப் பயணம் செய்து நிதி திரட்டினார்.

பெண்களுக்கென்றே தொடங்கிய நிறுவனத்தில் ஆண்களையும் சேர்ப்பதா என்ற விவாதமும் இக்காலத்தில் எழுந்தது. ஆண்களையும் சேர்த்தால் பிற திருச்சபை அமைப்புகளின் உதவி கிடைக்கும். ஆனால் பெண்களுக்காகவே நிதி வழங்கிய லூசி பீபடி போன்றோர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். நீண்டகால நட்பு முறிந்த நிலையிலும், நிறுவனம் மூடப்படுவதைவிட இருபாலருக்கும் பொதுவாவது மேல் என்ற முடிவை ஐடா ஏற்றுக்கொண்டார். 1942 இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947 இல் ஆண் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர்.

செவிலியர் பட்டப்படிப்பு

1946 ஆம் ஆண்டு வேலூர் செவிலியர் பள்ளி, சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரியாக உயர்ந்து, பி.எஸ்சி. செவிலியர் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதே ஆண்டில் தில்லியிலும் செவிலியர் கல்லூரி தொடங்கப்பட்டது. இந்தியாவில் செவிலியர் கல்வி பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது இவ்விரு கல்லூரிகளின் வழியாகவே. அப்போது இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்ற நிலையே இருந்ததாகப் போர் குழு மதிப்பிட்டது. 1947 இல் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் இயற்றப்பட்டு, பாடத்திட்டமும் தேர்வும் நாடு முழுவதும் ஒரே தரத்தில் அமைய வழி செய்யப்பட்டது. இதற்கு மாற்றாக 2023 இல் தேசியச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

இறுதிக் காலம்

ஐடா 1946 இல் ஓய்வு பெற்றார். பின்னர் இந்தியரான மருத்துவர் ஹில்டா லாசரஸ் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஐடா தம் இறுதி ஆண்டுகளைப் பெரும்பாலும் கொடைக்கானலில் கழித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. முகவரியில் இவர் பெயரும் இந்தியா என்ற சொல்லும் மட்டுமே எழுதப்பட்ட கடிதம் ஒன்று தவறாமல் வந்து சேர்ந்ததாகக் கூறப்படுவதுண்டு. 1960 மே 24 அன்று, 89 ஆவது வயதில், கொடைக்கானலில் காலமானார்.

பிரித்தானிய இந்திய அரசு இவருக்குக் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது. வேலூர் மருத்துவமனையின் நூற்றாண்டையொட்டி 2000 ஆகஸ்டு 12 அன்று இந்திய அஞ்சல் துறை சிறப்பு அஞ்சல்தலை வெளியிட்டது.

புதுச்சேரி வட்டாரமும் செவிலியர் தேர்வும்

சென்னை மாகாணத்தின் 1926 ஆம் ஆண்டுச் சட்டம் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் பொருந்தவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு முறையிலான மருத்துவப் பள்ளி இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவுக்கு மாறியது. பின்னர் சிப்மர் உருவாகி, மருத்துவக் கல்வி இந்திய முறைக்கு வந்தது. திண்டிவனம் நிகழ்ச்சி நடந்து ஒரு நூற்றாண்டு கடந்த நிலையில், அதே வட்டாரத்தின் சிற்றூர்கள் செவிலியர் கல்வியின் இடங்களாக மாறியுள்ளன. பாகூர் கொம்யூனைச் சேர்ந்த பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம் ஆகிய ஊர்களிலும், வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த அரியூரிலும் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பிள்ளையார்குப்பத்தில் கஸ்தூரிபாய் காந்தி செவிலியர் கல்லூரி இயங்குகின்றது.

அமெரிக்கா போன்ற நாடுகளில் பட்டம் பெற்ற பின்னர் உரிமத்துக்கெனத் தனித் தேர்வு எழுத வேண்டும். இந்தியாவிலோ அங்கீகரிக்கப்பட்ட படிப்பின் இறுதித் தேர்வே நெடுங்காலமாகப் பதிவேட்டுக்கான வாயிலாக இருந்துவருகின்றது. அதில் தேறியவர் செவிலியராகவும் மகப்பேற்றுச் செவிலியராகவும் ஒருசேரப் பதிவு பெறுகின்றார். இதற்காக ஒவ்வொரு மாணவரும் பாடத்திட்டம் குறிக்கும் எண்ணிக்கையில் பிரசவங்களைத் தாமே கவனித்து, ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதி, ஆசிரியரின் கையொப்பம் பெற வேண்டும். தாயின் இரத்த அழுத்தம், குழந்தையின் இதயத் துடிப்பு, பேற்றின் நிலைகள், நஞ்சுக்கொடி முழுமையாக வெளிவந்ததா என்பது, பேற்றுக்குப் பின் இரத்தப்போக்கின் அளவு ஆகியவை அப்பதிவில் இடம்பெறும். செய்முறைத் தேர்வில் வெளித் தேர்வாளர் கேட்பதும் பெரும்பாலும் இவற்றைப் பற்றியதே. மாணவர்களுக்குச் சுமையாகத் தோன்றும் இப்பதிவேட்டின் ஒவ்வொரு கட்டமும், பயிற்சி பெற்ற கை ஒன்று அருகில் இல்லாததால் தாய் இறக்கும் நிலையைத் தவிர்ப்பதற்கானது.